தரையில் விழுந்த ஆறு

ரேசின், விஸ்கான்சின்
மார்ச் 8, 2009

அன்புள்ள டுவெய்னுக்கு,

லோர்னா எழுதிக்கொள்வது. நீ அங்கே நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அரிசோனாவில் இப்போதே வெயில் அடிக்குமாமே. இங்கே ஏரிக்காற்று இன்னும் எலும்பைக் குடைகிறது, வாசலில் பனி அள்ள நான் ஒருத்திதான்.

மூன்று முறை தொலைபேசியில் செய்தி விட்டேன். கேட்டும் பேசவில்லை என்றால் அதற்காக உன்னைக் குறை சொல்லமாட்டேன். ஒரே வகுப்பில் படித்த உரிமையில் எழுதுகிறேன், படித்துவிட்டுக் கிழித்துப் போட்டாலும் சரி. என் வீட்டுக்காரர் ஹார்லனுக்கு ஜனவரியில் பக்கவாதம் வந்துவிட்டது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வருவதில்லை, அதுவும் நல்ல நாளில்.

வீட்டுக்கு வந்து பயிற்சி தரும் பெண், வலது கையால் பீன்ஸ் கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொன்னாள். இவர் கிண்ணத்தையே தள்ளிவிட்டார். பார்க்க வந்திருந்த உங்கள் ஆட்டக் கூட்டாளி மார்வின்தான், "கொட்டை எதுக்கு? பகடைய குடுங்க. நம்ம கதை ஆட்டத்துக்குப் புதுசா ஒரு கதாபாத்திரம் உருவாக்கட்டும்" என்றான். அவன் இன்னும் ஞாயிறுதோறும் வருகிறான், வாங்கி வைக்கும் கிரிங்கிள் இனிப்பு ரொட்டியில் பாதியை அவனே தின்றுவிடுகிறான். நிலவறையிலிருந்து பகடைகளை எடுத்து வந்தேன். பார்த்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அப்பாடா என்றிருந்தது எனக்கு. அப்படி நினைத்தது என் முட்டாள்தனம்.

வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு கதாபாத்திரமாகி நீங்கள் ஆடிய உங்கள் மேசையின் சட்டத்தை நான் மறந்துவிட்டேன். மற்ற ஊர்க்காரர்கள் நான்கு பகடை உருட்டி, மிகச் சிறியதை ஒதுக்கிவிட்டு, வந்த எண்களைப் பிடித்த இடத்தில் எழுதிக்கொள்வார்கள். இவர் அவர்களைக் கசப்பைத் தாங்காமல் காப்பியில் சர்க்கரை போடுகிறவர்கள் என்று கேலி செய்வார். இவர் மேசையில் மூன்றே பகடை. வலு முதலில், வசீகரம் கடைசியில், ஆறு திறனுக்கும் விழுந்தது விழுந்த வரிசையில். மாற்றக்கூடாது. தரையில் விழுந்தால் செல்லாது.

வலது கையில் மூன்று பகடை நிற்குமா? ஒன்று அடுப்புக்கு அடியில் போகும், ஒன்று நாற்காலிக்குப் பின்னால் போகும். செல்லாது, மறுபடி உருட்டு. தாளில் முதல் வரி நிரம்பாமல் இரண்டாவதற்குப் போகவும் மாட்டார். மூன்று வாரம், டுவெய்ன். மூன்று வாரமாக 'வலு' என்ற வார்த்தைக்கு எதிரே வெறும் கட்டம். இடது கையால் உருட்டுங்கள் என்றால் முறைக்கிறார். குனிந்து குனிந்து என் முழங்காலும் இடுப்பும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன. அவரைக் குளிப்பாட்டுவது, தூக்கி உட்காரவைப்பது, மருந்து, துணி, இதற்கு நடுவில் இது வேறு. ஒருநாள் இரண்டு பகடை மேசையில் நின்றன, மூன்றாவது ஓரத்தில் போய் விழுந்தது. தரைக்குப் போகுமுன் என் மடியில் தடுத்துவிட்டேன் என்று சொல்லி, ஐந்து என்றேன். பச்சைப் பொய். தலையை மெதுவாக ஆட்டி, "செல்லாது" என்றார். அந்த வார்த்தை மட்டும் அவருக்குத் திக்குவதே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பகடைகளை ஏரியில் வீசியிருப்பேன்.

உனக்கு நடந்ததும் இதுதானே. பதினேழு வருஷம் முன்னால், எங்கள் வீட்டு நிலவறையில், வலுவுக்கு மூன்று ஆறு போட்டாய். ஒன்று மேசையிலிருந்து துள்ளித் துவைக்கும் இயந்திரத்துக்கு அடியில் போய் நின்றது. ஆறாகத்தான் நின்றது, நானே பார்த்தேன். இவர் செல்லாது என்றார். மறுபடி உருட்டினாய், அந்த இடத்தில் ஒன்று விழுந்தது. பதினெட்டு பதிமூன்று ஆனது. நீ மேல்கோட்டை மாட்டிக்கொண்டு போனவன்தான். பகடைக்காகவா போனாய்? அதே வாரம் பம்பு ஆலையில் ஆட்குறைப்புப் பட்டியல் ஒட்டினார்கள். மேற்பார்வையாளர் இவர். வேலையில் சேர்ந்த வரிசைப்படி பெயர் எழுதினார், மாற்றக்கூடாது என்றார், உன் பெயர் கோட்டுக்குக் கீழே வந்தது, வேலை போனது. அதற்கப்புறம் இவர் ஒரு வருஷம் சரியாகத் தூங்கவில்லை. இதை நான் உன்னிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

போன வியாழக்கிழமை மத்தியானம் மறுபடி ஒன்று கீழே போனது. எடுக்கக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. அழுதேன், மறைக்கவில்லை. அவர் கீழே கிடந்த பகடையை எட்டிப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வார்த்தையாக இழுத்துச் சொன்னார்.

"தரையில... விழுந்தாலும்... கணக்குதான்."

கீழே கிடந்தது ஒன்று. மேசையில் நான்கும் இரண்டும். வலு ஏழு. எழுதச் சொன்னார், எழுதினேன். அதோடு விடவில்லை. அலமாரியில் இருந்த பச்சைத் தகரப் பெட்டியைக் காட்டினார். அதற்குள் உன் கதாபாத்திரத்தின் பழைய தாள் இருந்தது. இத்தனை வருஷம் அதை வைத்திருந்தார் என்று எனக்கே தெரியாது. இடது கையில் பென்சிலைப் பிடித்துப் பதிமூன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் பதினெட்டு என்று எழுதினார். சின்னப்பிள்ளை எழுத்து மாதிரி இருக்கும், இதோடு வைத்திருக்கிறேன். எழுதி முடித்து, "டுவெய்ன்கிட்ட சொல்லு" என்றார்.

சொல்லிவிட்டேன்.

மீதி ஐந்து கட்டமும் காலி. பகடையை நீட்டினால் வாங்கமாட்டேன் என்கிறார். வாசலைப் பார்க்கிறார். பக்கவாதம் இன்னொரு தடவை வந்தால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. உன் நாற்காலியில் இருந்த துணிக்கூடையை எடுத்து வைத்துவிட்டேன். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இரு. பனி உருகும்வரை காத்திருக்காமல் வா, டுவெய்ன். கீழே விழுவதைக் குனிந்து எடுக்க என் ஒருத்தியால் முடியவில்லை.

என்றும் உன் தோழி,
லோர்னா