ஆசீர்வாதத்துக்கு எழுந்தவர்

அன்புள்ள அப்பா,

கண்ணில் விட்ட சொட்டு மருந்து தொண்டை வரை இறங்கிக் கசக்கிறது. நேற்று எனக்குக் கண்புரை ஆபரேஷன். ஓய்வெடு என்கிறார்கள், எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கருவிழி தெளிவாக இருக்கிறதா, வெளுக்கிறதா என்று கண்ணாடி முன் போய்ப் போய் நிற்கிறேன். "கண்ணாடியே தேஞ்சிடும்மா" என்று கிண்டல் செய்கிறாள் மகள். அவள் உங்கள் கண்ணைப் பார்த்ததில்லை.

அறுபதுகளின் கடைசி அது. சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரம் வந்து, ரயிலேறி, உங்களை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். கருவிழியின் ஓரத்தைப் பாதி வட்டத்துக்கு வெட்டித் திறந்து, புரையை முழுசாக எடுத்து, பட்டு நூலால் தைத்தார்கள். இரண்டு கண்ணுக்கும் கட்டு, தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. இருமக் கூடாது, தும்மக் கூடாது, சிரிக்கவும் கூடாது. மரக்கட்டை மாதிரி கிடந்தீர்கள், நம் சபைப் போதகர் பார்க்க வரும்வரை.

மனிதர் நல்லவர். ஜெபித்துவிட்டு, முடிவில் ஆசீர்வாதம் கூற ஆரம்பித்தார். சர்ச்சில் அதற்கு எல்லாரும் எழுந்து நிற்போமே! நீங்களும் சடாரென்று எழுந்து நின்றுவிட்டீர்கள். மணல் மூட்டை ஒன்று பொத்தென்று கீழே விழுந்தது. நர்ஸ் போட்ட கூச்சலில் போதகர் ஆசீர்வாதத்தைப் பாதியில் விட்டார்.

தையல் விட்டிருந்தது. மறுபடி தைத்தார்கள். ஆனாலும் சில மாதங்களில் அந்தக் கருவிழி நீர்கோத்து வெளுத்துப்போயிற்று. "போதகரு வந்து கெடுத்துட்டாரு" என்று அம்மா பொரிந்து தள்ளினாள். "எழுந்தது நான்தானே, அவரை ஏன் சொல்றே?" என்றீர்கள்.

அடுத்த கண்ணிலும் புரை முற்றியது. எவ்வளவு கெஞ்சினேன்! "டாக்டரை நம்புறேம்மா. என்னைத்தான் நம்ப முடியலை. ஜெபம்னா இந்த உடம்பு தானா எழுந்துடும்" என்று சொல்லிக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. அந்தப் பிடிவாதத்தின் மேல் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

நேற்று டாக்டரிடம் உங்கள் கதையைச் சொன்னேன். கருவிழியின் உட்புறம் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறதாம். கருவிழிக்குள் நீர் ஏறாமல் காப்பது அதுதானாம்; அழிந்தால் மறுபடி வளராதாம். "அப்போல்லாம் பெரிய வெட்டும்மா. அசையாம படுத்திருந்தவங்கள்லயும் சில பேருக்கு அந்த அடுக்கு போயிருக்கு. அப்பா எழுந்ததாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இப்ப சின்னத் துளைதான், சேதம் குறைவு" என்றார். சொல்லிவிட்டு அவர் தன் வேலையைப் பார்த்தார்.

என் கல்யாணத்தன்று, பீடத்தின் முன், தடவிப் பார்த்து என் தலையில் கை வைத்தீர்கள். குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "சிரிக்கிறியாம்மா?" என்றீர்கள்.

"சிரிக்கிறேம்ப்பா" என்றேன், அழுதுகொண்டே.

டாக்டர் நேற்றுச் சொன்னதை அன்றைக்கே யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அப்பா, சிரிக்கிறேனா என்று என்னிடம் கேட்டிருக்கவே மாட்டீர்கள். பார்த்திருப்பீர்கள்.