நாங்கள் இசை போட்ட அந்த இரண்டு நிமிடங்கள்

அண்ணா, நீங்கள் ஓட்டிய நம் வண்டி திரும்ப ரூட்டுக்கு வந்துவிட்டது, அதே சிவப்பு, அதே ஏர் ஹாரன், இன்று காலை மாரண்டஹள்ளியில் முதல் ஆளாக ஏறி அதே முன் சீட்டைப் பிடித்துவிட்டேன்!

பழைய பாடியைப் பிரித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். சீட்டில் இன்னும் ரெக்சின் வாசனை போகவில்லை. ஓட்டுவது புது டிரைவர். நன்றாகத்தான் ஓட்டுகிறார். ஆனால் ராயக்கோட்டைக்கு முன்னால் அந்தப் புளியமரம் வந்ததும் என் கை தானாக முன்கம்பியைப் பிடித்துக்கொண்டது. பிரேக் விழும் என்று என் உடம்பு எதிர்பார்த்தது. வண்டி நிற்கவில்லை. மரம் ஜன்னலில் வந்து பின்னால் போய்விட்டது. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது.

முதன்முதலில் நீங்கள் அங்கே நிறுத்திய நாள் நினைவிருக்கிறது. நான் ஓசூரில் கல்லூரி முதல் வருடம். படிப்பைவிட பஸ் பைத்தியம் அதிகம். எந்த வண்டிக்கு எந்த ஹாரன், எந்த டிரைவர் எந்த வளைவில் எப்படித் திருப்புவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீடியோ வெட்டி ஒட்டுவதை போனிலேயே பார்த்துப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டு இணையத்தில் ஒரு பக்கமும் நடத்தினேன். அதை நடத்துவது ஒரு பெண் என்று யாருக்கும் தெரியாது. "ப்ரோ, செம ப்ரோ" என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள்.

காலை எட்டேகால் ட்ரிப். ஆள் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. நீங்கள் வண்டியை ஓரங்கட்டி, ஒரு வார்த்தை பேசாமல் இறங்கி, மரத்தில் ஒரு கையை ஊன்றி நின்றீர்கள். கண்டக்டரிடம் தண்ணீரை வாங்கி முகத்தில் அடித்தீர்கள். தலையை ஒருமுறை உதறினீர்கள். திரும்பி வந்து ஏறி, ஹாரனை நீளமாக ஒரு இழு இழுத்து எடுத்தீர்கள். அண்ணா, வெளியிலிருந்து பார்க்க அது எப்படி இருந்தது தெரியுமா? ஹீரோ என்ட்ரி மாதிரி இருந்தது. நான் அதைப் போனில் எடுத்து, நடையை மெதுவாக்கி, தண்ணீர்த் துளியை மெதுவாக்கி, அதிரும் இசை ஒன்றைப் போட்டு, "தலைவர் ஸ்டாப்" என்று பெயர் வைத்து ஏற்றிவிட்டேன்.

அவ்வளவுதான். பாலக்கோடு பசங்க பைக்கில் வந்து மரத்தடியில் காத்திருக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் நிறுத்தினால் விசில், நிறுத்தாத நாளில் ஏமாற்றம். யாரோ மரத்தில் உங்கள் வண்டி நம்பரைப் பெயின்டால் எழுதினார்கள். எதிரே வந்த வேறு வண்டி டிரைவர் ஒருநாள் தலையை வெளியே நீட்டி, "என்னா தலைவரே, இன்னிக்கு ஷூட்டிங் முடிஞ்சிச்சா?" என்று கத்தினார். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பையும் எடுத்தேன். அதற்கும் இசை போட்டேன்.

மார்கழிக் குளிரில் ஒரு நாள், கிட்டே போய் எடுக்கலாம் என்று உங்கள் பின்னாலேயே இறங்கினேன். போன் திரையில் உங்கள் முகத்தைப் பெரிதாக்கினேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்திருந்தது. ஸ்வெட்டர் போட்ட எனக்கே பல் கிட்டுகிறது, உங்கள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மரத்தில் ஊன்றிய கை நடுங்கியது.

"எடுத்துக்கோ பாப்பா. ஆனா பேச்சு குடுக்காத. ரெண்டு நிமிசம்" என்றீர்கள்.

கண்டக்டர் மாதையன் அண்ணன் பாட்டிலோடு ஓடிவந்தார். "லோ பிபிதான். குடிங்க. உப்பு தூக்கலாப் போட்டிருக்கேன்." எலுமிச்சம்பழச் சாறு. வேர்த்து வெளுத்துப்போனால் பிரஷர் இறங்கிவிட்டது என்றுதான் நம் பக்கத்தில் எல்லாரும் நினைப்பார்கள். பூக்கூடையோடு வந்த கன்னடக்கார அம்மா ஜன்னல் வழியாக "ஏனாயித்து?" என்று கேட்டார். என்னாச்சு என்று அந்த மரத்தடியில் கேட்ட முதல் ஆள் அவர்தான். இத்தனை நாள் வீடியோ எடுத்த நான் கேட்கவில்லை.

போனை அணைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் நானும் கேட்டேன்.

"நெஞ்சு டாப் கியர்ல போவுது பாப்பா. பின்மண்டைல சுத்தியால அடிக்கிற மாதிரி இருக்குது. வரதுக்கு முன்ன கழுத்துல ஒரு சூடு ஏறும், அதான் எனக்கு சிக்னல். உடனே ஓரங்கட்டிருவேன், இந்த ரோட்டுல அதுக்கு எடம் இந்த மரத்தடிதான். பத்து இருவது நிமிசத்துல ஒண்ணுமே நடக்காத மாதிரி போயிரும்."

"டாக்டர்கிட்ட போவலீங்களாண்ணா?"

"மூணு தடவ போயாச்சு. நான் போறப்ப அது இருக்காது. எல்லாம் நார்மல், டென்சன் படாதீங்கன்றாங்க. வூட்ல கண்ணு பட்டுருச்சுன்றா." குரலைத் தாழ்த்தினீர்கள். "பதினெட்டு வருசமா ஸ்டியரிங் புடிக்கிறேன். இப்பப் போயி பயந்தாங்கொள்ளியா ஆயிட்டனோன்னுதான் வெளிய சொல்லல."

எங்கள் வீட்டில் அப்பாவுக்காக வாங்கிய பிபி மெஷின் இருந்தது. மறுநாளே புத்தகப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். நான்கு நாள் மரம் சும்மா கடந்தது. ஐந்தாம் நாள் நீங்கள் ஓரங்கட்டியதும் படிக்கட்டில் உட்காரவைத்துப் பட்டையைச் சுற்றினேன். இருநூற்றுப் பதினாலுக்கு நூற்று இருபத்தாறு.

"மெஷின் கெட்டுப்போச்சு. எனக்குப் போட்டுப் பாரு" என்று மாதையன் அண்ணன் கையை நீட்டினார். அவருக்கு நூற்று இருபதுக்கு எண்பது. "பாத்தியா, எனக்கு மட்டும் ஒழுங்காக் காட்டுது" என்றார். அவர் கையிலிருந்த பாட்டிலை நீங்கள் வாங்கினீர்கள். அத்தனை உப்பையும் மரத்தடியில் கொட்டினீர்கள். ராயக்கோட்டையில் மறுபடி பார்த்தோம், நூற்று முப்பத்து நாலுக்கு எண்பத்து நாலு.

அன்று முதல் ட்ரிப் ஷீட்டின் பின்பக்கம் நம் மருத்துவக் குறிப்பேடு ஆனது. நேரம், எண், அப்போது என்ன செய்துகொண்டிருந்தீர்கள். குனிந்து டயர் பார்த்தபின் ஒன்று. இட்லி சாப்பிட்டதும் ஒன்று. எந்தக் காரணமும் இல்லாமல் மூன்று. கோபப்பட்ட நாளில் ஒன்றுகூட இல்லை. அதை நீங்கள்தான் கவனித்தீர்கள். "அப்ப டென்சன் இல்ல பாப்பா" என்று சொன்னபோது உங்கள் முகத்தில் நோய் என்று தெரிந்துகொண்ட கவலை இல்லை. நான் பயந்தாங்கொள்ளி இல்லை என்ற நிம்மதிதான் இருந்தது.

அந்தத் தாள்களோடு தருமபுரியில் ஒரு பெரிய டாக்டரிடம் போனோம். அவர் எண்களைப் பார்த்தார், பிறகு என் போனில் இருந்த வீடியோவைப் பார்த்தார். "மொதல்ல இந்த மியூசிக்க நிறுத்தும்மா" என்றார். ஒலியை அணைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தார். வெளுத்த முகம், வேர்வை, நடுக்கம். "இது நெசம்" என்று அவர் சொன்னதும் உங்கள் கண் கலங்கியது.

பரிசோதனை மேல் பரிசோதனை. ஒரு நாள் முழுக்க சிறுநீரைக் கேனில் பிடித்து வரச் சொன்னார்கள். "கேன வண்டில வெச்சா மாதையன் ஜூஸுன்னு எடுத்து யாருக்காச்சும் ஊத்திருவான்" என்று லீவு போட்டீர்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். எதிலும் காரணம் கிடைக்கவில்லை. "காரணம் தெரியலீங்க. அதுக்காக நோய் இல்லன்னு அர்த்தம் கெடயாது. மாத்திரைய விடாதீங்க, எழுதறத விடாதீங்க. இது அடங்கற வரைக்கும் பஸ் ஓட்டாதீங்க" என்றார் டாக்டர்.

இனி நான் சொல்லப்போவதைப் பற்றி உங்களிடம் பிறகு ஒருநாளும் பேசியதில்லை, அண்ணா. அந்தப் பொங்கலுக்கு மரத்தடியில் ரசிகர்கள் கூடுவதாக என் பக்கத்தில் அறிவித்திருந்தேன். ஓசூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வருவதாக எழுதியிருந்தார்கள். டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும், வாசலிலேயே, "பொங்கல் வரைக்கும் மட்டும் ஓட்டிருங்கண்ணா" என்றேன். எண்களைக் கையால் எழுதியவள் நான். இருநூற்றுப் பதினாலைக் கண்ணால் பார்த்தவள் நான். நீங்கள் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் படியிறங்கினீர்கள். மறுநாள் முதல் நீங்கள் வேலைக்கு வரவில்லை. முடியவில்லை என்று லீவில் இருக்கிறீர்கள், கூட்டத்துக்குத் தயாராகிறீர்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

காணும் பொங்கல் காலை. மாலை, மேளம், பைக்குகள். வண்டி வந்து நின்றது. டிரைவர் சீட்டில் வேறு ஆள். பின்படியில், காக்கி இல்லாமல் கட்டம் போட்ட சட்டையில், பயணியாக இறங்கினீர்கள். போட வந்த மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு பேசினீர்கள்.

"தம்பிங்களா, நான் இங்க ஸ்டைலுக்கு நிறுத்தல. முடியாம நிறுத்தினேன். எனக்கு திடீர் திடீர்னு பிரஷர் ஏறுது, ஏன்னு டாக்டருக்கும் தெரில. இதுவரைக்கும் எனக்கு முன்கூட்டியே தெரிஞ்சிது, நிறுத்தினேன். ஒரு நாள் தெரியாமயே வந்துச்சின்னா?"

கூட்டத்தில் ஒருவன், "தலைவரே, ஒரே ஒரு ரவுண்டு! மரத்தச் சுத்தி!" என்றான்.

"நான் ஓட்டறேன். உங்க ஆத்தாவ மொத சீட்ல உக்கார வைக்கிறியா?"

மேளக்காரர்கள்கூடக் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்கள். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் நான் அங்கேயே அழுதிருப்பேன்.

அதன் பிறகு பாலக்கோடு பஸ் நிலையத்தில் வண்டிகள் வந்து போகும் டைம் பார்க்கும் வேலைக்குப் போனீர்கள். போகும்போதெல்லாம் உங்களைப் பார்த்தேன். அது வருவது நிற்கவில்லை. ஆனால் நீங்கள் அதனோடு இருக்கக் கற்றுக்கொண்டீர்கள். கழுத்தில் சூடு ஏறினால் பேச்சை நிறுத்தி, நாற்காலியில் சாய்ந்து, நோட்டில் நேரம் எழுதி, பட்டையைச் சுற்றி, எண் எழுதுவீர்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அலறினால், "வந்திருக்குது, போயிரும், நீங்க டீயக் குடிங்க" என்பீர்கள். "இது எங்கூட வர பேசஞ்சரு பாப்பா. எங்க ஏறுவான்னும் தெரியாது, எங்க எறங்குவான்னும் தெரியாது. நாமதான் உஷாரா இருக்கணும்." அந்த வாசலில் நான் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை நீங்கள் எடுக்கவில்லை. மன்னிப்புக் கேட்க நான் பல நாள் வாயெடுத்தேன். அப்போதெல்லாம் ஏதாவது ஒரு வண்டி வந்து நின்றுவிடும், நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு மத்தியானம், வீட்டில், அது வந்தது. போகவில்லை. உங்கள் மகள் நோட்டைக் காட்டினாள். கடைசி வரியில் நேரம் எழுதியிருந்தீர்கள். எண் எழுதவில்லை.

அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "அக்கா, நீங்கதான எங்கப்பாவ அவ்ளோ வீடியோ எடுத்தீங்க. அப்பா பேசறது ஒண்ணு குடுங்க. பாப்பான்னு கூப்பிடறது இருந்தாப் போதும்."

என்னிடம் இருந்த எல்லாவற்றையும் திறந்தேன், அண்ணா. எல்லாவற்றிலும் நீங்கள் நடக்கிறீர்கள், சிரிக்கிறீர்கள், உங்கள் வாய் அசைகிறது. எல்லாவற்றிலும் இசை. போனில் இடம் இல்லை என்று மூல வீடியோவை அன்றன்றே அழித்துவிட்டேன். பொங்கல் அன்று நீங்கள் பேசியதற்குக்கூட ஒரு சோக இசையைப் போட்டு ஏற்றியிருந்தேன். உங்கள் குரல் இப்போது என் தலைக்குள் மட்டும் இருக்கிறது. அதை நான் யாருக்கும் அனுப்ப முடியாது.

கொஞ்சம் இருங்கள் அண்ணா, படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுவிடுகிறேன்.

அந்தப் பொங்கலுக்கு மரத்தடியில் போனைத் தூக்கிப் பிடித்து நின்றவர்களே, எட்டேகால் ட்ரிப்பில் போனவர்களே, பாலக்கோடு பஸ் நிலையத்தில் அவரிடம் ஓசூர் வண்டி எப்போது என்று கேட்டவர்களே, பழைய போனைத் தேடிப் பாருங்கள். படம் ஆடியிருக்கலாம், முகம் தெரியாமல் இருக்கலாம், பஸ் சத்தம் மேலே ஏறியிருக்கலாம், பரவாயில்லை. எதையும் வெட்டாதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள், அப்படியே எனக்கு அனுப்புங்கள். உங்களிடம் இல்லையென்றால் இருக்கக்கூடிய ஒருவருக்கு இதை அனுப்புங்கள். ஒரு பெண் தன் அப்பா பேசுவதைக் கேட்கக் காத்திருக்கிறாள்.