தெற்குக் குதிர்

அன்பு மகள் சிக்ரிட்டுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம், அலாஸ்காக் குளிரில் நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன். தோள்பட்டை அறுவைக்குப் பிறகு அப்பாவுக்குத் தேவலை, காபிக் கோப்பையைத் தானே தூக்குகிறார், என்னை அதட்டவும் தொடங்கிவிட்டார். அவர் படுத்திருந்த மாதம் பன்றிக் கொட்டகை வேலை முழுக்க என் தலையில். வெளியே இரண்டு இரும்புத் தீவனக் குதிர்கள் நிற்கின்றனவே, தெற்குக் குதிரில் இருந்தது முந்தின கூட்டத்துப் பெரிய பன்றிகள் தின்று மீந்த தீவனம், வடக்குக் குதிரில் இருந்தது புதுக் குட்டிகளுக்கென்று லாரிக்காரன் லோனி கொட்டிவிட்டுப் போனது. தீவனத்தைத் திறந்துவிடும் வடக்குத் தகட்டை இழுப்பதற்குப் பதில் நான் தெற்குத் தகட்டை இழுத்துவிட்டேன், பதினான்கு நாள் யாருக்கும் தெரியவில்லை.

நீ படிக்கும்போது சொல்வாயே, வளர்கிற குட்டிக்கு லைசின் நிறைய வேண்டும், அந்த ஒன்று குறைந்தால் மற்ற அமினோ அமிலங்கள் எவ்வளவு இருந்தாலும் சதையாகாது, மூத்திரத்தில்தான் போகும் என்று. நூல் தீர்ந்த தையல் மிஷினா என்று கேட்டேன், சிரித்தாய். பெரிய பன்றித் தீவனத்தில் அது குறைவு, அப்படியேதான் நடந்தது. கொட்டகையில் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது, நான் விசிறியைத் திட்டினேன். கம்பெனி ஆள் டெரல் வந்து குட்டிகளை எடை போட்டுப் பார்த்து, ஏறவில்லை என்று கண்டு, தின்னும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, ஓடிப்போய்த் தகட்டை மாற்றிவிட்டேன். அது பெரிய பன்றித் தீவனம் என்று பரிசோதனையில் தெரிந்ததும், லாரிக்காரன் பக்கத்துப் பண்ணைத் தீவனத்தை இங்கே கொட்டிவிட்டான் என்று முடிவு கட்டி லோனியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். குதிரில் ஏறிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்பா வேறு, "கண்ணு தெரியாதவன் கையில லாரியக் குடுத்தா இப்படித்தான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

சர்ச் விருந்தில் லோனி என்னிடம் வந்து, "ஆர்டிஸக்கா, நான் வடக்குலதானே கொட்டினேன், நீங்க பாத்துக்கிட்டுதானே நின்னீங்க" என்று கேட்டான். "கவனிக்கலப்பா" என்றேன். கையிலிருந்த உருளைக்கிழங்குப் பாத்திரத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். பன்றியும் தீவனமும் கம்பெனியுடையவை, கொட்டகை மட்டும் நம்முடையது, அவர்கள் பன்றி அனுப்பாவிட்டால் வேறு எதற்கும் ஆகாத கட்டடம் அது. உண்மையைச் சொன்னால் அப்பாவுக்குக் கேடு, சொல்லாவிட்டால் லோனிக்கு.

இன்று காலை டெரலைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "வெர்லினண்ணனுக்குத் தெரியுமா?" என்று உன் அப்பாவைப் பற்றி மட்டும் கேட்டான். தெரியாது, சாப்பாட்டுக்கு வரும்போது சொல்ல வேண்டும்.

காதை மூடாமல் வெளியே போகாதே. கடவுள் உன்னைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவுக்குப் போன் செய். எனக்காகப் பரிந்து பேசாதே, அவர் பக்கமே பேசு. என்னோடு அவர் பேசமாட்டார், இந்த வீட்டில் அவர் பேசுவதற்கு அப்போது வேறு ஆள் இருக்காது.

உன் அம்மா
ஆர்டிஸ்