நிழலரளிப் புகை

மார்கழி 27. காலை 6.00
இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் பவளக்கொடி. செடிக்கூடத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பூமியை விட்டு வந்து குடியேறிய இந்தக் கோளில் வெளியே காற்றில்லை, எலும்பை உடைக்கும் குளிர். கீரை, முருங்கை எல்லாம் நட்டுப் பார்த்தோம், பட்டுப்போயின. நிலைத்தது நிழலரளி ஒன்றுதான். வெளிச்சம் கூடினால் கருகும். மண் புளிப்பாக, ஈரமாக இருக்கவேண்டும், வேர்மேல் சருகு மூடியிருக்கவேண்டும். இவ்வளவும் செய்தால் வருஷம் முழுக்கப் பச்சைதான். அது விடும் காற்று குழாய் வழியே, மற்றவர்கள் வாழும் குடிக்கூடத்துக்குப் போகிறது. இலை, பூ, வேர் அத்தனையும் நஞ்சு. அங்கேயும் ஒரு பாத்தி போட நேற்று அதன் இலைச்சருகு ஒரு மூட்டை அனுப்பினேன். வாயில் வைக்காதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

மார்கழி 28. காலை 9.20
என் தங்கை சிந்தாமணியின் குழந்தைக்கு இன்று தலைக்கு ஊற்றினார்கள். இந்த மண்ணில் பிறந்த முதல் பிள்ளை. எங்கள் வீட்டு மூக்கு.
ரேடியோவில் தங்கை: "சாம்பிராணிக்கு எங்க போறதுக்கா? எங்க மாமியார் உன் சருகுல ஒரு கை அள்ளித் தணல்ல போட்டுப் பிள்ளைக்குப் புகை காட்டினாங்க. என்னா வாசனைங்கற!"
"அடிப்பாவி, அது நஞ்சுடி!"
"திங்கத்தானே கூடாதுன்ன? புகைய யாரு தின்னா?" சிரித்தாள். சிரிப்பு இருமலாயிற்று. "அக்கா... பிள்ளைக்குக் கண்ணு சொருகுது..."
அதன்பின் பதில் இல்லை. எத்தனை தரம் கூப்பிட்டும் இல்லை.

9.45
அங்கே புகை தானாகப் போக வழியில்லை, அதே காற்றுதான் சுற்றும். இங்கிருந்தே அங்குள்ள அடைப்பைத் திறந்து கெட்ட காற்றை வெளியே விட்டு, என் காற்று முழுவதையும் அவர்களுக்குத் தள்ளுகிறேன். பெரிய பம்பு எல்லா மின்சாரத்தையும் தின்னும். சூடேற்றியை அணைத்தேன். பேசும் கருவியும் போயிற்று. கேட்கும் கருவி மட்டும் சின்ன பேட்டரியில் ஓடுகிறது.

11.30
மின்சாரம் தீர்ந்தது. இலைகள் குளிரில் சுருண்டு தொங்குகின்றன. மூச்சு முட்டுகிறது.
கேட்டுவிட்டேன். பிள்ளை அழுகிறது. வீறிட்டு அழுகிறது. நல்ல தொண்டை! போதும்.

பகல்
தங்கையின் மாமியார் தவமணி பேசுகிறார். "பவளம், நாங்க எந்திரிச்சிட்டோம்மா. சிந்தா மட்டும் இன்னும் கண்ணு தொறக்கல. என்னமோ எல்லாரும் மயங்கிட்டோம். எவ கண்ணு பட்டுதோ. பிள்ளைக்குச் சுத்திப் போடப்போறேன். குளிரும் தாங்கல. அந்தச் சருகை மூட்டையோட தணல்ல கொட்டுறேன்."
வேண்டாம் அத்தை. பொத்தானை அழுத்துகிறேன். குரல் போகவில்லை.
"என்ன பவளம், பேச மாட்டேங்கற? கோவமா?"
வேண்டாம் வேண்டாம்
சடசடவென்று எரிகிறது. பிள்ளை இருமுகிறது. இனித் தள்ள என்னிடம் காற்றில்லை. இப்போது