ரவை விழுந்த ராக்கொக்கு

அக். 27, திங்கள்

சுண்டு, காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஜெரி வந்தான். உன் கூட்டாளி என்பதால் உள்ளே விட்டேன்.

"ம்மா, கேமரா கார்டு குடுங்க. ஞாயித்துக்கெழம கல்லறைத் திருநாளாச்சே. சுண்டு எடுத்த படம் ஒண்ண பெருசா போட்டு கல்லற மேல வெக்கலாம்."

நல்ல பேச்சுதான். அடுத்து ஒன்று சொன்னான் பார். "கடைசியா ராக்கொக்கு எடுத்தான்ல, அது பூரா நாய்ஸ். தேறாது. அத்த அழிச்சிடலாம்."

டீ கொடுத்தேன். கார்டு கொடுக்கவில்லை.

நாய்ஸ் என்றால் சத்தம். அஞ்சாவதோடு நின்றவள்தான், அதுகூடவா தெரியாது? அப்படியானால் படத்தில் உன் குரல் இருக்கிறது. அதை ஏன் அழிக்க வேண்டும்?

இன்னொன்று. நீ படம் எடுத்துவிட்டு வண்டியில் வரும்போது பைபாஸில் லாரியில் அடிபட்ட அன்று, "நான் வெளிச்சத்துலயே ஊட்டுக்கு வந்துட்டேன்" என்று அடக்கப் பூசையில் எல்லோரிடமும் சொன்னவன் இவன். போலீஸ் கொடுத்த பையோடு கேமரா அன்றிலிருந்து என் பீரோவில். கடைசிப் படத்தை இவன் எப்போது பார்த்தான்?

அக். 28, செவ்வாய்

பால் 1. சீரகம். மெழுகுவத்தி, காற்றுக்கு அணையாதது.

கேமராவுக்குச் சார்ஜ் போட்டேன். முக்கோணப் பொத்தானை அழுத்தினால் படம் வரும், நீ காட்டியதுதான். வந்தது. காதில் வைத்தேன். ஒன்றுமில்லை. விசிறியை நிறுத்திவிட்டு மறுபடி வைத்தேன். எதிர்வீட்டு மிக்ஸி. நான் எதையாவது கேட்க உட்கார்ந்தால்தான் அவளுக்கு அரைக்க வரும்.

அக். 29, புதன்

பட்டாபிராம் ஸ்டேஷன் பக்கம் போட்டோ கடை. கேமராவைக் கையில் கொடுக்கவில்லை. வார் என் கழுத்தில். கடைக்காரர் குனிந்துதான் பார்த்தார்.

"இன்னாம்மா, நான் இன்னா தூக்கினு ஓடவா போறேன்?"

"சத்தம் எங்க கீது, அத்த சொல்லு."

சிரித்தார். படத்தைப் பெரிதாக்கினார். "இது காதுல கேக்குற நாய்ஸ் இல்லம்மா. இங்க பாரு, ரவ கொட்டுன மாதிரி கீதா? அதான். இருட்டுல பறக்குறத எடுக்க ஸ்பீடு வேணும், இல்லாங்காட்டி ரெக்க கலைஞ்சு பூடும். ஸ்பீடு வெச்சா வெளிச்சம் பத்தாது. ஐஎஸ்ஓன்னு ஒண்ணு கீது, அத்த ஏத்தி வெளிச்சத்த இழுக்கணும். ஏத்துனா ரவ."

குரல் இல்லை. பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவள் எழுந்து வேறு சீட்டுக்குப் போனாள்.

வந்து சோறு வடிக்கும்போதுதான் உறைத்தது. இருட்டில் எடுத்த படமாம். வெளிச்சத்திலேயே வீட்டுக்கு வந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

நவ. 1, சனி

ஜெரி. கதவைச் சாத்தினேன். டீ கிடையாது.

"அன்னிக்கி நீ எப்படா வந்த? மாதா படத்த பாத்து சொல்லு."

தரையைப் பார்த்துச் சொன்னான். "இருட்டுற வரைக்கும் அவங்கூடதாம்மா இருந்தேன். பாரிவாக்கம் ஏரிக்கரைல. கௌம்பலாம்னு அவன்தான் சொன்னான். நான் வாய வெச்சுகினு சும்மா இல்லாம, 'மச்சி, உன் கொக்கு பூரா கரிக்கட்ட, அடுப்புல வைடா'ன்னு ஓட்டிட்டேன். வானத்துக்கு எதிர்ல பறந்தா கருப்பாதாம்மா வரும். அவனுக்கு ரோசம் வந்துடுச்சு. ப்ளஸ்ஸ ஏத்தி வெச்சு, இறகு தெரியிற மாதிரி ஒண்ணாச்சும் எடுக்காம வரமாட்டேன்னுட்டான். ரவ கொட்டும்டான்னேன். 'இருட்டா எடுத்துட்டு அப்பறமா கம்ப்யூட்டர்ல வெளிச்சத்த ஏத்துனா இன்னும் கொட்டும், நீ போடா'ன்னான். ப்ளஸ் வெச்சு அதுவரைக்கும் எடுத்தத காட்டுனான், பூரா ரவ. சிரிச்சேன். அவன உட்டுட்டு பூட்டேன்ம்மா."

ப்ளஸ் எனக்குத் தெரியும், கருப்பாக வருவதை வெளிச்சமாக்குவது. மொட்டைமாடியில் பழைய சோற்றை வீசச் சொல்லி நீ காக்காயைத்தானே முதலில் எடுத்தாய். "ம்மா, ப்ளஸ் போட மறந்துட்டேன், இன்னொரு பிடி வீசு." அரிசி விற்கிற விலையில்.

ஜெரியை அடிக்கவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. பாதி நம்புகிறேன். கார்டு கொடுக்கவில்லை.

நவ. 2, ஞாயிறு. கல்லறைத் திருநாள்

மழை. கூட்டம். அணையாத மெழுகுவத்தி அணைந்தது. கேமரா கழுத்தில். யாரை நம்பி வீட்டில் விடுவது?

பூசை முடிந்ததும் உன் பக்கத்தில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பை மேலே போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினேன். கரி. கரி. கரி. அப்புறம் படத்துக்குக் கீழே கூட்டல் குறி. கொக்கு வெளுத்துச் சாம்பல் நிறமானது. வெறும் வானம் ஒன்று. கொக்கின் கால் மட்டும் ஒன்று.

கடைசிப் படம். மூட்டையே கொட்டின மாதிரி ரவை. ஆனால் இறக்கைக்கு அடியில் இறகு தெரிகிறது சுண்டு. தனித்தனியாக.

ஜெரி தூரத்தில் குடையில்லாமல் நின்றான். வேண்டாம் வேண்டாம் என்றுதான் இருந்தேன். கை காட்டிக் கூப்பிட்டேன். வாரைக் கழற்றவில்லை, குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"எடுத்துட்டாம்மா" என்றான். "இத்த நான் பாக்கல."

அவன் பார்க்காதது போகட்டும். நீ இதைப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாயா, கண்ணு?