சூடாகிற ப்ராசஸர்தான் வேண்டுமாம்

2004 டிசம்பர், முதல் ஞாயிறு இரவு.

கம்பெனி சொன்ன வேகத்துக்கு மேல் முடுக்கி ஓட்டியதில் என் பழைய கம்ப்யூட்டர் போன வாரம் புகைந்துபோனது. இன்று புது ப்ராசஸரும் மதர்போர்டும் எடுக்க நேரு வீதிக் கடைக்குப் போனேன். என்றும் இல்லாத அதிசயமாக மனைவி மாலதியும் கூட வந்தாள்.

கடைக்காரர் இரண்டு ஜோடி காட்டினார். "இத எடுத்துக்குங்க சார். எவ்ளோ ஸ்பீடு ஏத்தினாலும் சூடே ஆவாது."

பத்திரிகைகளைப் புரட்டிப் புரட்டி நான் முடிவு செய்து வைத்திருந்ததும் அதே ஜோடிதான்.

"அப்ப அது வேணாம். சூடாவறது எது?" என்றாள் மாலதி.

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இந்த மழையில மாவு எங்க புளிக்குது? பழைய பொட்டிக்குப் பின்னால வச்சா ராவோட பொங்கிடும். அது போனதிலேர்ந்து இட்லி கல்லாட்டம் கெடக்குது. நாளைக்கு பாரீஸ்லேர்ந்து உங்கக்கா வேற வராங்க."

அக்காவின் வாய்க்கு நானும் பயந்தவன்தான். சூடாகிற ஜோடியே வீட்டுக்கு வந்தது.

மாலையில் பூட்டி முடித்து, முடுக்காமல் ஜாக்கிரதையாகவே ஓட விட்டேன். பின்னால் மாவுக் குண்டான். சற்று முன் மாலதி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஸ்பீடு ஏத்துங்க" என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வாயால் இதைக் கேட்பேன் என்று நான் நினைத்ததே இல்லை. ஏற்றிவிட்டேன்.

காலையில் இட்லி நிச்சயம். கம்ப்யூட்டர்தான் சந்தேகம்.