கடல் இல்லாத நாட்டின் கையெழுத்து

செப். 15, திங்கள்
வளைகுடாவில், சோஹார். காலையிலேயே புழுக்கம். லேபில் பாட்டில் கழுவல், உப்பு மீட்டர் சரிபார்த்தல். திட்டத் தலைவர் சந்திரன் சார் முகம் சரியில்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் திரும்பக் கடலிலேயே விடும் உப்புத் தண்ணீர் பற்றிய எங்கள் ஆராய்ச்சிக்கு ஐரோப்பிய நிதி கேட்கிறோம். அந்தப் பக்கம் மூன்று நாடு கூட்டாளியாகக் கையெழுத்திட்டே ஆக வேண்டும். சைப்ரஸ் விலகிவிட்டது; மிச்சம் மால்டா, எஸ்டோனியா. வியாழன் கடைசி நாள்.

விண்ணப்பம் போனால்தான் அக்டோபரில் முடியும் என் காண்ட்ராக்டை நீட்டுவார்கள். ஊரில் மனைவி ஸ்டெல்லாவிடம் இன்னும் சொல்லவில்லை.

செப். 16, செவ்வாய்
மூன்றாவது நாடு கிடைத்தாயிற்று. லக்ஸம்பர்க். மேப்பில் தேடினேன். சுற்றிலும் நிலம்.

"சார், அங்க கடலே கெடையாதே?"

"கடல் நம்மகிட்ட இருக்குப்பா. அங்கிருந்து கையெழுத்து வந்தாப் போதும்."

மதியம் நெத்திலிக் குழம்பு. ரொட்டி வாங்க மறந்தேன்.

செப். 17, புதன்
லக்ஸம்பர்க்கில் கையெழுத்திட வேண்டிய அம்மா பெயர் மார்ட்டின். வீடியோவில் வந்தார். கையெழுத்துக்கு முன் கடலில் தண்ணீர் சாம்பிள் எடுப்பவரோடு பேச வேண்டுமாம். "எங்கள் நாடு சின்னது. நான் தப்பாகக் கையெழுத்திட்டால் சாயங்காலத்துக்குள் மந்திரி வரை தெரிந்துவிடும்."

அது நான்தான்; என்னை உட்கார வைத்தார்கள். ஏப்ரல் அட்டவணையைக் காட்டி, எல்லா வாரமும் நீங்கள் எடுத்ததா என்று கேட்டார்.

ஏப்ரலில் இரண்டு வாரம் படகு மாஃபி, அதாவது இல்லை; எஞ்சின் ரிப்பேர். அந்த இரண்டு வரியையும் சார் உத்தேசமாக நிரப்பியது எனக்குத் தெரியும். சார் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இரண்டு வாரம் எடுக்கவில்லை மேடம்."

நன்றி என்றார். கால் கட்.

"உன் விசாவும் இதுலதான் தொங்குதுன்னு தெரியுமில்ல?" சார் கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

எனக்கும் கோபம்தான். யார் மேல் என்று தெரியவில்லை.

செப். 18, வியாழன்
கொஞ்சம் காற்று. இங்கே வெள்ளி, சனி லீவு; வாரக் கடைசி என்று ஆபீஸ் இரண்டு மணிக்கே காலி. சார், நான், ஏ.சி. சத்தம். பெட்டி கட்டுவதைப் பற்றி யோசித்தேன்.

மூன்று மணிக்கு மார்ட்டினின் மெயில். கையெழுத்து இருந்தது! கூடவே நிபந்தனை. ஏப்ரலின் அந்த இரண்டு வரியும் வெற்றாக இருக்க வேண்டும். இனி ஒவ்வொரு சாம்பிளுக்கும் படகிலேயே இரண்டு கையெழுத்து: என்னுடையது, திட்டத் தலைவர் என்ற முறையில் சாருடையது.

சாரே அந்த எண்களை அழித்தார். அனுப்பினார். கலாஸ், முடிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பாட்டில் துடைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து சார், மெதுவாக: "ஏம்ப்பா, படகுல வாந்தி வருமா?"

"வரும் சார்."